காந்திகிராமம்: பரிவுவழிக் கல்வி

திண்டுக்கல் மாவட்டத்தில், சின்னாளபட்டியை அடுத்துச் சிறுமலை அடிவாரத்தில் அமைந்த கல்வி, தொண்டு வளாகம். மருத்துவர் டி.எஸ். சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் இதைத் தொடங்கினர். ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் பயின்றவர். சௌந்தரம் பின்னாளில் மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார்.

காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியே இங்கு அடித்தளம். கைத்தொழில் வழியே பாடம் கற்பிக்கும் முறை அது. இராட்டையில் நூல் அறுந்தால் ஆசிரியர் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, பிரி சேர்த்துக் காட்டியாக வேண்டும். எட்ட நின்று அதட்டிப் பயனில்லை. பிள்ளையின் தடுமாற்றத்தை ஆசிரியர் கண்ணால் காண்கிறார் என்பதே இம்முறையின் பெரும்பலம்.

1956-இல் இவ்வளாகத்தில் கிராமிய நிறுவனம் உருவாகி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர்கள் கிராமங்களில் தங்கி மக்களோடு பழகுவதும் இங்குப் படிப்பின் பகுதி.

ஆசிரியர் பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் அந்த அருகாமை இணைய வகுப்பில் கிடைப்பதில்லை. கொரோனா காலத்தில் கைப்பேசி இல்லாத பிள்ளைகள் வகுப்பையே இழந்தனர். அந்த இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது; தன்னார்வலர்கள் பிள்ளைகளின் குடியிருப்புக்கே சென்று மாலை வகுப்பு நடத்தினர். திரைவழிப் பாடம் நடத்துவோரும் பாடத்துக்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரிக்க வேண்டும்.