கை கொடுத்துக் கற்ற பௌதிகம்

ஓசூரிலிருந்து சிறிது தொலைவு மேற்கே சென்றால் கருநாடக எல்லை வந்துவிடும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கும் அவ்வூரில், 1970களில் சிப்காட் தொழில் வளாகம் தோன்றியது முதல் ஆலைகள் பெருகின. வார்ப்பிரும்பின் உள்ளே மறைந்திருக்கும் குமிழியையும், மனிதன் கையின் உள்ளே முறிந்திருக்கும் எலும்பையும் ஊடுருவும் கதிர்களே காட்டித் தருகின்றன. ஆகவே, கதிர்ப்படம் எடுக்கும் தொழிலைக் கற்க அப்பகுதி இளைஞர் பலர் விரும்புவது இயல்பே.

அப்பயிற்சியைத் தொடங்கவிருந்த மாணவர் சிலரோடு அண்மையில் உரையாடினேன். இரண்டு வினாக்கள் கேட்டேன். "எக்ஸ் கதிர்க் குழாயிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு விலகினால், அவர்மீது படும் கதிர் எவ்வளவாகும்?" என்றேன். "பாதியாகும் ஐயா" என்றனர். "மின்சாரத்தை நிறுத்திய பின் அறையில் கதிர் தங்குமா?" என்றேன். "சிறிது நேரம் தங்கும்" என்றனர். இரண்டும் பிழை. ஆயினும் அவர்களை நான் குறை கூறேன். எதிர் இருமடி விதியை விளக்கொளிக் கணக்காகவே பல்லாண்டு கற்பித்தவன் நான். அவ்விதி எத்தனை உயிர்களைக் காக்க வல்லது என்று ஒரு நாளேனும் வகுப்பில் சொன்னேனில்லை. அக்குறையை இன்று நீக்கிக்கொள்ள விழைகிறேன்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். அடுத்த மாதம் தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. உலகம் வியந்தது. ஆனால் கதிரின் அளவை அளந்தறியும் வழியை அன்று எவரும் அறியார். குழாய் நன்கு இயங்குகிறதா என்று அறியத் தம் கையையே திரையின் முன் நீட்டிப் பார்த்தனர். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அவ்வாறு பன்முறை செய்தவர். கைகள் புண்ணாயின, இரு கைகளையும் நீக்க நேர்ந்தது, 1904இல் அவர் மாண்டார். எடிசன் அவ்வாராய்ச்சியையே கைவிட்டார். இவ்வாறு உயிரிழந்தோருக்கு 1936இல் ஹாம்பர்க் நகரில் ஒரு நினைவுக்கல் நாட்டினர். அன்று அதில் பொறித்த பெயர்கள் 169.

கதிரை அளக்கும் பொது அலகு 1928இல்தான் உலக மாநாட்டில் ஏற்கப்பெற்றது. கண்டுபிடிப்புக்கும் அளவைக்கும் இடையே 33 ஆண்டுகள்! அதன்பின் ஆறாம் ஆண்டில், 1934இல், சென்னைப் பொது மருத்துவமனையில் கேப்டன் பர்னார்டின் பெயரால் கதிரியல் நிலையம் திறக்கப்பெற்றது. முன்னோர் கை கொடுத்துக் கற்ற பாடம், அவ்வாறு நம் நாட்டு மாணவர்க்கு ஏட்டுப் பாடமாகக் கிடைத்தது.

இனி அவ்வினாக்களுக்கு விடை கூறுவேன். தொலைவு இரட்டித்தால் அதே கதிர் நான்கு மடங்கு பரப்பில் விரியும். ஆகவே நம்மீது படுவது கால் பங்கே. மூன்று மீட்டரில் அது ஒன்பதில் ஒரு பங்கு. இரண்டடி பின்வாங்குவதும் ஒரு கவசமன்றோ? எக்ஸ் கதிரோ, விளக்கை அணைத்ததும் மறையும் ஒளிபோல், மின்சாரம் நின்ற கணமே மறைந்துவிடும். ஆனால் ஆலைகளில் பற்றவைப்பைச் சோதிக்கப் பயன்படும் இரிடியம்-192க்கு விசை கிடையாது. அதன் வலிமை பாதியாகவே சுமார் 74 நாட்கள் செல்லும். அதுவரையும் அதன் பின்னரும் இரவு பகலாகக் கதிர் வீசிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் அதைக் கவசப் பெட்டிக்குள் மீட்டுவிட்டோமா என்று கருவியால் அளந்தறிதல் வேண்டும். மார்பில் அணியும் பட்டை பட்ட கதிரைக் குறித்து வைக்குமேயன்றித் தடுக்காது. தடுக்க வல்லவை தொலைவும், நேரச் சுருக்கமும், ஈயமுமே.

மாணவர்களே, விசையை அழுத்த ஒரு வாரத்தில் பழகிவிடலாம். எப்போது அழுத்தலாகாது என்பதை உணர்த்துவது பௌதிகம். அதைத் தேர்வுக்காக மட்டும் படியாதீர்கள். உங்கள் கைகளுக்காகவும், உங்களை நம்பிக் கை நீட்டும் நோயாளிக்காகவும் படியுங்கள்.