மின்னணு வியூஃபைண்டரும் ஸ்டூடியோ பிளாஷும்

மிரர்லெஸ் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில் இருக்கும் சிறு திரைக்கு மின்னணு வியூஃபைண்டர் என்று பெயர். சென்சார் பிடிக்கும் காட்சியை உடனுக்குடன் காட்டும். எடுக்கப்போகும் படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதையும் முன்கூட்டியே காட்டிவிடும். வெயிலில் கைகொடுக்கும் இந்த வசதி ஸ்டூடியோ பிளாஷுக்கு முன்னால் காலை வாரும்: திரை இருண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகமே தெரியாது.

கேமரா பழுதாகவில்லை. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் 1/160 என்பது ஸ்டூடியோவில் வழக்கமான அமைப்பு. பிளாஷ் இல்லாமல், அறை விளக்கில் அப்படி எடுத்தால் படம் கிட்டத்தட்ட கறுப்பாகத்தான் வரும்; திரை அதையே காட்டுகிறது. பிளாஷ் ஒளி வெடித்து அடங்கப் பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு வினாடி போதும். இன்னும் வராத அந்த ஒளியைக் கேமரா கணக்கில் எடுக்க முடியாது.

பழைய வியூஃபைண்டர் இப்படிக் கணக்குப் போட்டதே இல்லை. உதாரணமாக, திருவனந்தபுரத்தில் 1959-இல் போட்டோகிராபர் சிவன் தம் ஸ்டூடியோவைத் தொடங்கினார். 'செம்மீன்' (1965) படத்தின் ஸ்டில் போட்டோகிராபரும், ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனின் தந்தையும் இவரே. அந்தத் தலைமுறையின் ஃபிலிம் கேமராக்களில் வியூஃபைண்டர் ஃபிரேம் வைக்கவும் ஃபோகஸ் பார்க்கவும் மட்டுமே. வெளிச்சக் கணக்கு லைட் மீட்டரிலும் கை அனுபவத்திலும் இருந்தது. பின்னால் வந்த டிஎஸ்எல்ஆரிலும் கண்ணாடி வழியே அறை இருந்தபடியே தெரிந்தது. பிளாஷ் வெடிக்கும் கணத்தில் கண்ணாடி மேலே எழுந்துவிடுவதால் அந்த ஒளியை மட்டும் லென்ஸ் வழியே பார்க்க முடியாது. பானசோனிக் ஜி1 வெளிவந்த 2008-இல் மிரர்லெஸ் காலம் தொடங்கியது. 2018-இல் கேனனும் நிக்கானும் ஃபுல்ஃபிரேம் மிரர்லெஸ் கொண்டுவந்த பிறகு மாறிய பலருக்கும் ஸ்டூடியோவில் முதல் அதிர்ச்சி இந்தக் கறுப்புத் திரைதான்.

தீர்வு மெனுவில் இருக்கிறது. வெளிச்ச முன்னோட்டத்தை அணைத்துவிட்டால், செட்டிங் எதுவானாலும் திரை தானே பிரகாசமாகும். சோனியில் 'செட்டிங் எஃபெக்ட் ஆஃப்', கேனனில் 'எக்ஸ்போஷர் சிமுலேஷன்', நிக்கானில் 'அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வியூ' என்று பெயர்கள் வேறுபடும். சில கேமராக்கள் தம் நிறுவனத்து பிளாஷை மேலே மாட்டியதும் தாமாகவே மாறிக்கொள்ளும். நடுப்புள்ளித் தொடர்பு மட்டும் உள்ள மலிவான பிளாஷ் டிரிகரை மாட்டினால் கேமராவுக்கு எதுவும் தெரியாது. முன்னோட்ட அமைப்பை ஒரு கஸ்டம் பட்டனில் வைத்துக்கொள்வது நல்லது: காலையில் ஸ்டூடியோவில் அணைத்ததை மறந்து, மாலையில் சங்குமுகம் கடற்கரையில் கல்யாண ஜோடியை எடுத்தால் திரை அழகாகவே தெரியும், படங்கள் வெளுத்தோ இருண்டோ போயிருக்கலாம்.

இருட்டில் திரையைப் பிரகாசமாக்கினால் புள்ளிகள் தெரியும், அசைவு சற்றுத் தாமதமாகும், ஃபோகஸ் தேடும். பிளாஷிலேயே தொடர்ந்து எரியும் மாடலிங் லைட்டைக் கூட்டினால் மூன்றும் குறையும். ஆனால் ஹாலஜன் மாடலிங் லைட்டின் வண்ணவெப்பம் 3200 கெல்வினுக்கு அருகிலும், பிளாஷ் 5500-ஐ ஒட்டியும் இருப்பதால், ஒயிட் பேலன்ஸைப் பிளாஷுக்கு வைத்தால் திரையில் முகம் மஞ்சளடித்துத் தெரியலாம். படத்தில் அப்படி வராது.

ஷட்டரிலும் கவனம் வேண்டும். எலக்ட்ரானிக் ஷட்டரில் இயங்கும் சைலன்ட் மோடில் பல கேமராக்கள் பிளாஷையே எரிக்காது. அப்போது சென்சார் வரிவரியாகப் படிப்பதால் ஒளி எல்லா வரிகளிலும் சமமாக விழாது. மெக்கானிக்கல் ஷட்டரிலும் சாதாரண பிளாஷுக்கு வேக வரம்பு உண்டு, பொதுவாக 1/160 முதல் 1/250 வரை. மீறினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். 2023-இல் சோனி அறிவித்த ஏ9 III, சென்சார் முழுவதையும் ஒரே நேரத்தில் படிப்பதால் இந்த வரம்பைத் தகர்த்தது. அதன் திரையும் வராத பிளாஷைக் காட்டுவதில்லை.

பிளாஷின் பலனைப் பார்க்க ஆட்டோ ரிவ்யூவைப் போட்டுவைக்கலாம். எடுத்த படம் அதே வியூஃபைண்டரில் வந்து நிற்கும். கண்ணை எடுக்காமலே ஹிஸ்டோகிராமையும் பார்த்துவிடலாம்.