உப்பும் சீனியும் நீரும்: ஓர் ஆய்வின் கதை

எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் உம்மம்மா முதலில் தண்ணீர்க் கோப்பையைத்தான் அப்புறப்படுத்துவார். "தண்ணி குடுக்காதீங்க மகள், குடுத்தா இன்னும் கூடும்" என்பார். உம்மா ஜீவனி பைக்கற்றைக் கரைத்துத் தரத் தொடங்கிய பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. அந்தச் சிறு பைக்கற்றின் வரலாற்றைத் தேடிப் போன என்னை அது வங்காளத்தில் கொண்டுபோய் விட்டது.

கொலரா நோயாளியைக் கொல்வது நீரிழப்பு. 1960களில் அதற்கு நம்பகமான வைத்தியம் நாளத்தினூடாகச் சேலைன் ஏற்றுவதுதான். ஆஸ்பத்திரியும் பயிற்சி பெற்றவர்களும் இல்லாத இடத்தில் அது எட்டாக்கனி. ஆனால் சிறுகுடல் குளுக்கோசை உறிஞ்சும்போது சோடியத்தையும் சேர்த்தே உள்ளெடுக்கிறது. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. கொலரா நச்சு இந்த வழியை அடைப்பதில்லை. வெறும் நீர் தங்காத குடலில் உப்பும் குளுக்கோசும் கலந்த நீர் தங்குவது இதனால்தான்.

இதை நோயாளிகளிடம் பரிசோதித்த டாக்கா கொலரா ஆய்வுகூடத்தின் கட்டுரை 1968இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளிவந்தது. குடிக்கக் கொடுத்த கரைசல், ஏற்றவேண்டிய சேலைனின் தேவையை ஏறக்குறைய 80 சதவீதம் குறைத்தது. டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் என்ற பெயர்களைப் பலர் சொல்வார்கள். அதே கட்டுரையில் றபீக்குல் இஸ்லாம், மஜீத் மொல்லா என்ற பெயர்களும் இருக்கின்றன. அவற்றையும் நாம் சொல்ல வேண்டும்.

1971இல் யுத்தத்துக்குத் தப்பிய இலட்சக்கணக்கானோர் கிழக்கு பாக்கிஸ்தானிலிருந்து இந்திய எல்லைக்குள் வந்தனர். பொங்காவ் ஆஸ்பத்திரியில் கொலரா நோயாளிகளுக்கு இரண்டே அறைகள், கட்டில்கள் 16. மற்றவர்கள் தரையில். சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கு பொறுப்பேற்றிருந்த டொக்டர் திலீப் மஹலனோபிஸ், முன்மாதிரி இல்லாத பெரிய அளவில் கரைசலைக் குடிக்கக் கொடுக்கத் தீர்மானித்தார். ஒரு லீற்றருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா. கல்கத்தாவிலிருந்த அவர்களது ஆய்வு நிலையத்தின் நூலக அறையில் இவற்றை நிறுத்துப் பொதி செய்தார்கள். லீற்றருக்குச் செலவு 11 பைசா. பீப்பாய்களில் கரைத்ததைக் கோப்பையில் எடுத்து ஊட்டியவர்கள் நோயாளிகளின் தாய்மாரும் உறவினருமே.

எட்டு வாரங்களில் சுமார் 3,700 நோயாளிகள். 30 சதவீதம் வரை இருந்த மரணவீதம் 3.6 ஆக இறங்கியது. 1973இல் 'ஜொன்ஸ் ஹொப்கின்ஸ் மெடிக்கல் ஜேர்னலில்' அவர் இதை வெளியிட்டபோதும் நிபுணர்கள் பலர் தயங்கினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை என்பது உண்மைதான். அந்தத் தரையில் கிடந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மருந்து மறுக்க எந்த மனிதனால் முடியும்? 1978இல் அதே 'லான்செற்' இந்த முறையை நூற்றாண்டின் மிக முக்கிய மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என எழுதியது. 1980களில் பங்களாதேஷின் 'பிராக்' நிறுவனப் பெண்கள் வீடு வீடாகப் போய், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் கற்றுக்கொடுத்தார்கள். தாய்மார் எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருந்தார்களோ அதற்கேற்பவே கற்பித்தவருக்குக் கூலி.

இதையெல்லாம் ஒரு நாள் உம்மம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகுதான், இரண்டு வயதில் ஓர் இரவுக்குள் மவுத்தாகிப் போன தன் தம்பியைப் பற்றி முதன்முறையாகச் சொன்னார்.

"தண்ணி தண்ணி என்டு கேட்டான் மகன். நாங்க குடுக்கல்ல."

எனக்குப் பதில் வரவில்லை. அன்று அந்த வீட்டில் உப்பும் சீனியும் கிணற்று நீரும் இருந்திருக்கும். இல்லாமலிருந்தது அந்த அறிவு மட்டுமே.