மழையும் நியாயமும்: கிரிக்கெட்டில் இலக்கு மறுநிர்ணயக் கணிதத்தின் வரலாறு (1992–2014)

ஆய்வுச் சுருக்கம்

மழையால் தடைபடும் ஒருநாள் கிரிக்கெட் ஆட்டங்களில் இலக்கை மறுநிர்ணயம் செய்யும் விதிகள் அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓவர்களோடு விக்கெட்டுகளையும் சேர்த்து எண்ணத் தொடங்கியதே இவ்வரலாற்றின் திருப்பம் என்பதும், கணிப்பின் துல்லியம் கூடக்கூட அதனைக் களத்திலேயே சரிபார்க்கும் வாய்ப்பு குறைந்தது என்பதும் இதன் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: கிரிக்கெட், இலக்கு மறுநிர்ணயம், டக்வொர்த்–லூயிஸ் முறை, வளம்.

முன்னுரை

ஒருநாள் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் சம எண்ணிக்கையில் ஓவர்கள் வழங்கப்படுகின்றன. மழை இச்சமநிலையைக் குலைக்கும்போது, இழந்த ஓவர்களின் மதிப்பு எவ்வளவு என்ற வினா எழுகிறது. தொடக்கத்தில் சராசரி ஓட்ட விகிதமே விடையாகக் கொள்ளப்பட்டது. குறைந்த ஓவர்களை ஆடும் அணியும் பத்து விக்கெட்டுகளை முழுமையாக வைத்திருப்பதால், இவ்விதி இரண்டாவதாக ஆடும் அணிக்கே பெரும்பாலும் சாதகமாயிற்று. அதற்கு மாற்றாக 1992 உலகக் கோப்பையில், முதல் அணி மிகக் குறைவாக ஓட்டமெடுத்த ஓவர்களை நீக்கி இலக்கைக் குறைக்கும் விதி பின்பற்றப்பட்டது.

சிட்னி அரையிறுதி, 1992

மார்ச் 22 அன்று இங்கிலாந்து 45 ஓவர்களில் 252 ஓட்டங்கள் எடுத்தது. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில் மழை குறுக்கிட்டது. இரண்டு ஓவர்கள் குறைக்கப்பட்டன. இங்கிலாந்தின் மிகக் குறைந்த ஓட்டங்கள் கொண்ட இரு ஓவர்களிலும் சேர்த்து ஓர் ஓட்டமே கிடைத்திருந்ததால், இலக்கும் ஒன்றே குறைந்தது. விளைவாக, ஒரே பந்தில் 21 ஓட்டங்கள் தேவை என்றாயிற்று.

சராசரி விகிதப்படி 43 ஓவர்களுக்கான இலக்கு 241. அதாவது கடைசிப் பந்தில் 10 ஓட்டங்கள். பின்னாளில் டக்வொர்த்–லூயிஸ் முறையில் செய்யப்பட்ட கணக்கோ வெற்றிக்கு 5 ஓட்டங்கள் என்கிறது. ஒரே ஆட்டம், ஒரே மழை. தீர்ப்புகள் மட்டும் மூன்று. எதனை இழப்பாக எண்ணுகிறோம் என்பதே இவ்வேறுபாட்டின் காரணம்.

வளம் என்னும் கருத்து

இங்கிலாந்தின் புள்ளியியலாளர்கள் ஃபிராங்க் டக்வொர்த்தும் டோனி லூயிஸும் எஞ்சிய ஓவர்கள், கைவசமுள்ள விக்கெட்டுகள் ஆகிய இரண்டையும் இணைத்து 'வளம்' என ஒரே அளவாக்கினர். 50 ஓவர்களும் 10 விக்கெட்டுகளும் இருப்பின் வளம் 100 விழுக்காடு. அட்டவணைப் பதிப்பு ஒன்றின்படி, 30 ஓவர்கள் எஞ்சியிருக்கையில் 10 விக்கெட்டுகள் இருந்தால் வளம் 75.1; 6 இருந்தால் 54.1, 2 மட்டும் இருந்தால் 11.9. ஓவர்களில் 60 விழுக்காடு, வளத்தில் 60 விழுக்காடு ஆகாது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. இரண்டாவது அணியின் வளம் குறையுமானால், அவ்விரு வளங்களின் விகிதத்தில் இலக்கும் குறையும்.

1997 ஜனவரி 1 அன்று ஜிம்பாப்வே–இங்கிலாந்து ஆட்டத்தில் இம்முறை முதன்முதலாகப் பயன்பட்டது; ஜிம்பாப்வே 7 ஓட்டங்களில் வென்றது.

டர்பன், 2003

உலகக் கோப்பையில் இலங்கையின் 268 ஓட்டங்களைத் துரத்திய தென்னாப்பிரிக்கா, 45 ஓவர்கள் முடிவில் மழை வலுக்க ஆட்டம் நின்றபோது 229 ஓட்டங்கள் எடுத்திருந்தது. அது சமநிலைக்குரிய எண். அதையே வெற்றிக்குரிய எண் எனத் தென்னாப்பிரிக்க அணியினர் கொண்டிருந்தனர். ஆகவே முத்தையா முரளிதரனின் பந்தில் ஆறு ஓட்டங்கள் அடித்த மார்க் பவுச்சர், அடுத்ததான கடைசிப் பந்தைத் தடுத்தாடினார். ஆட்டம் சமனில் முடிந்தது. போட்டியை நடத்திய நாடே வெளியேறியது. 1992இல் பிழை விதியில் இருந்தது. 2003இல் விதியை வாசித்ததில் இருந்தது.

துல்லியமும் தெளிவும்

மிகுதியான ஓட்டங்கள் குவியும் ஆட்டங்களில் அட்டவணை பொருந்தாமையால், 2003இல் கணினி வழியே மட்டும் இயங்கும் பதிப்பு நடைமுறைக்கு வந்தது. 2014இல் ஸ்டீவன் ஸ்டெர்னின் திருத்தங்களோடு அவர் பெயரும் இணைந்தது. கேரளப் பொறியாளர் வி. ஜெயதேவன் வகுத்த மாற்று முறை தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் பயன்படுகிறது. ஆகவே 'சரியான இலக்கு' ஒன்றே என்று கொள்வதற்கில்லை.

முடிவுரை

அட்டவணையும் எழுதுகோலும் இருந்தால் எவரும் கணக்கைச் சரிபார்க்கலாம் என்ற நிலை, கணினிப் பதிப்போடு மாறியது. இலக்கு முன்னிலும் நியாயமானது. அதன் நியாயத்தை ஆடுபவரும் காண்பவரும் நம்பிக்கையின் பேரிலேயே ஏற்கின்றனர். விளையாட்டுக் கணிதத்தின் வரலாற்றை எழுதுவோர் சூத்திரங்களின் வளர்ச்சியோடு இந்நம்பிக்கையின் வரலாற்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.