எலும்பில் நுண்தனிமங்கள்

மனித எலும்பில் சிறிதளவே தங்கும் ஃபுளோரைடு, துத்தநாகம், ஸ்ட்ரான்சியம், ஈயம் போன்றவற்றை அளந்து, நோய்களோடு அவற்றுக்குள்ள தொடர்பை ஆராயும் துறை. எலும்புப் படிகத்தில் கால்சியத்தின் இடத்தை ஈயமும் ஸ்ட்ரான்சியமும் பிடிக்கும். ஹைட்ராக்சில் அயனியின் இடத்தில் ஃபுளோரைடு அமரும். வயதுவந்தோர் உடலில் சேரும் ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்பில்தான் கிடக்கிறது.

தமிழகத்தைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் ஃபுளோரைடின் வரலாறு. ஃபுளோரைடு கனிமமான கிரையோலைட்டின் தூசில் வேலைசெய்த டென்மார்க் ஆலைத் தொழிலாளரின் எலும்புகள் எக்ஸ்ரேயில் அளவுக்கு மீறி அடர்ந்து தெரிவதை மோலரும் குட்ஜான்சனும் 1932இல் வெளியிட்டனர். ஐந்தாண்டு கழித்து, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், முதுகு விறைத்து, குனியவும் கழுத்தைத் திருப்பவும் முடியாமல் முடங்கிய உழவர்களுக்கும் அதே நோய்தான் என்று ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்ட், மன்னாடி நாயர் ஆகியோர் நிறுவினர். இங்கே ஆலையும் இல்லை, தூசும் இல்லை. கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடே காரணம். சென்னைப் பொது மருத்துவமனையின் கதிரியல் நிலையம் இந்தப் பர்னார்டின் பெயரையே தாங்கி நிற்கிறது.

எக்ஸ்ரே நோயைக் காட்டும், அளவைச் சொல்லாது. எலும்புத் துண்டைச் சுட்டுச் சாம்பலாக்கி, அமிலம் சேர்த்து வடித்து ஃபுளோரைடைப் பிரிக்கும் முறையை வில்லார்டும் வின்டரும் 1933இல் தந்தனர். 1966இல் ஃப்ரான்ட், ராஸ் இருவரின் லாந்தனம் ஃபுளோரைடு மின்வாய் வந்தபின் வேலை எளிதானது. சாதாரண எலும்புச் சாம்பலில் கிலோவுக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கும். முடக்கும் நிலையில் 8,400ஐத் தாண்டும். ஆனால் உயிரோடிருப்பவரின் இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுப்பது லேசான காரியமா? ஊர்தோறும் கிணற்று நீரையும் சிறுநீரையும் சோதிப்பதே நடைமுறையாயிற்று.

ஒரு தனிமத்தின் மேல் மட்டும் பழியைப் போடக் கூடாது என்பதை 1973இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரி, கிருஷ்ணசாமி ஆய்வு உணர்த்தியது. ஃபுளோரைடு மிகுந்த பகுதியில் இளையோரின் முழங்கால்கள் உள்வளைந்து, எலும்பும் நலிந்திருந்தது. சோளத்தில் மிகுந்த மாலிப்டினமும் உடலில் குறையும் செம்பும் இதற்குத் துணைபோயிருக்கலாம் என்று பின்னர் கருதினர்.

சி. வி. ராமனின் ஒளிச்சிதறல் முறையும் எலும்பாய்வுக்கு வந்துவிட்டது. அது தனிமங்களை எண்ணுவதில்லை; அவை குடியேறியதால் படிக அமைப்பு எப்படி மாறியது என்று காட்டும்.

இப்போது காவிரியின் நீர், 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாக, ஃபுளோரைடு பாதித்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குச் செல்கிறது. இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமே விரும்பத்தக்க வரம்பு. வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை ஏற்கலாம். நீர் மாறியதும் புதிதாக முளைக்கும் பற்களுக்குப் பலன் கிடைக்கும். முதியோர் எலும்பில் ஏறிய ஃபுளோரைடு இறங்கப் பல ஆண்டுகள் ஆகும்.