சத்திரசிகிச்சையில் இயந்திரத் தையல்: ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாறு அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறு மாத்திரமன்று. அவற்றைச் செய்தோர், கையாண்டோர், விற்றோர் ஆகியோரின் வரலாறுமாகும். மருத்துவ வரலாற்றை எழுதுவோர் நோய்களையும் மருந்துகளையும் மேதைகளையும் பற்றியே பெரும்பாலும் விரித்துரைப்பர். சத்திரசிகிச்சைக் கூடத்தின் தட்டிலே கிடக்கும் கருவிகள் அவர்தம் கவனத்தை அவ்வளவாகப் பெறுவதில்லை. உடலின் இழையங்களைக் கம்பியினால் தைத்து மூடவும், மூடிய இடத்தை வெட்டவும் பயன்படும் ஸ்ரேப்ளர் அத்தகையதொரு கருவியாகும். 1908 ஆம் ஆண்டிலே தோன்றிய இக்கருவி உலகெங்கும் பரவுவதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன. அதன் அடிப்படைத் தத்துவங்கள் முதற் கருவியிலேயே அமைந்திருந்தும் இத்துணைத் தாமதம் ஏற்பட்டமைக்குக் காரணம் யாது? கையின் திறன் கருவிக்குட் புகுந்தபோது அத்திறனோடு கூடியிருந்த பொறுப்பு எங்கே சென்றது? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைத்தையலின் இடர்ப்பாடு

வெட்டுண்ட குடலை மூடுவது எவ்வாறு என்பது மிகப் பழைய பிரச்சினையாகும். குடற்காயத்தின் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து, பெரிய கறுப்பெறும்புகளைக் கடிக்கவிட்டு, அவை கவ்விய பின் உடலைக் கிள்ளியெறிந்து தலையை மாத்திரம் விட்டுவிடும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. நூலின்றி, இரு புறத்திலுமிருந்து பற்றும் கொடுக்கினால் இழையத்தை மூடலாம் என்னும் எண்ணம் ஆங்கே தெளிவாகவுள்ளது.

ஐரோப்பாவில் 1826 இல் பிரான்சியரான லெம்பேர்ட், குடலின் வெளிப்புறச் சவ்வுகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு தைத்தாலே காயம் நன்கு ஆறும் என்பதை எடுத்துக்காட்டினார். 1881 இல் வியன்னாவில் பில்றோத் புற்றுநோயுற்ற இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி நீக்குவதில் வெற்றி கண்டார். எனினும், தையலின் ஓரிடம் தளர்ந்தாலும் குடலின் உட்பொருள் வயிற்றறையுட் கசிந்து அழற்சியை விளைவிக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தோன்றாத அக்காலத்தில் அதன் முடிவு பெரும்பாலும் மரணமே. தைக்கும் கைக்குக் கை முடிவும் வேறுபட்டது. 1892 இல் சிக்காகோவில் மேர்பி என்பார் இரு குடல்முனைகளையும் நூலின்றி இணைக்கும் உலோகப் பொத்தான் ஒன்றை ஆக்கியமைக்கும் இந்நிலையே காரணமாயிற்று.

புடாபெஸ்ற் நகரின் முதற் கருவி

இச்சூழ்நிலையிலேயே ஹங்கேரிய சத்திரசிகிச்சை நிபுணரான ஹியூமர் ஹூல்ட்ல், இரைப்பையை வெட்டும்போது அதன் உட்பொருள் சிந்தாதிருக்க வழி தேடினார். புடாபெஸ்ற் நகரில் மருத்துவக் கருவிகளைச் செய்துவந்த விக்டர் பிஷர் அவருடைய எண்ணத்துக்கு உருவங் கொடுத்தார். 1908 இல் அக்கருவி முதன்முதலாக நோயாளி ஒருவரிற் பயன்படுத்தப்பட்டது.

அதன் அமைப்பை நோக்குமிடத்து நான்கு தத்துவங்கள் புலப்படும். முதலாவது, தைப்பதற்கு முன்னர் இழையத்தை இரு தாடைகளுக்கிடையே வைத்து நெரித்து மெல்லியதாக்குதல். இரண்டாவது, நூலுக்குப் பதிலாக நுண்ணிய உலோகக் கம்பியைப் பயன்படுத்தல். மூன்றாவது, அக்கம்பியின் கால்கள் எதிர்த்தாடையாகிய பட்டடையின் குழிகளில் மோதி உட்புறமாக வளைந்து ஆங்கில எழுத்தான 'பி' இன் வடிவைப் பெறுதல். நான்காவது, கம்பிகளை அடுத்தடுத்த வரிசைகளில் மாறிமாறி அமைத்தல்.

இறுதி இரண்டும் சிறப்பாக நோக்கத்தக்கவை. கம்பி முற்றாக நசுங்கினால் அதனுள் அகப்பட்ட இழையம் குருதியின்றி இறந்துபோம். தளர்ந்து நின்றாலோ கசிவு உண்டாகும். 'பி' வடிவம் விளிம்பை இறுகப் பற்றும் அதேவேளை நுண்ணிய குருதிக்கலன்கள் ஊடுசெல்லச் சிறிது இடமும் விடுகின்றது. சுவர் கட்டுவோர் ஒரு வரிசைச் செங்கற்களின் மூட்டினை மேல்வரிசைச் செங்கல்லால் மறைப்பது போன்று, ஒரு வரிசைக் கம்பிகளுக்கு இடையிலுள்ள வெளியை அடுத்த வரிசைக் கம்பிகள் அடைத்துவிடுகின்றன. ஹூல்ட்லின் கருவி இவ்வாறு நான்கு வரிசைகளைப் பதித்தது. நடுவிலே வெட்டும்போது இருபுறத்து முனைகளும் இவ்விரு வரிசைகளால் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தன. முதலில் மூடுதல், பின்னர் வெட்டுதல் என்னும் இவ்வொழுங்கே இன்றுவரை நிலைத்துள்ளது.

ஆயினும் அக்கருவி மூன்றரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரமுடையது. சிகிச்சைக்கு முன்னர் அதனைப் பொருத்தி ஆயத்தஞ் செய்வதற்கு இரண்டு மணித்தியாலங்கள் வரை தேவைப்பட்டன. விரல்கள் மிச்சப்படுத்திய உழைப்பைக் கருவியை ஆயத்தஞ் செய்தோரின் விரல்கள் செலவிட்டன எனலாம். அஃதாவது, திறன் இடம் மாறியதேயன்றிக் குறையவில்லை.

பாரம் குறைந்தமை

இக்குறையினை நீக்க முற்பட்டவர் மற்றொரு ஹங்கேரியரான அலடார் பெற்ஸ் ஆவார். 1921 இல் அவர் அறிமுகஞ்செய்த கருவி வெட்டுமிடத்தின் இருபுறத்தும் ஒவ்வொரு வரிசைக் கம்பிகளையே பதித்தது. பாரத்திற் குறைந்ததும் கையாள எளியதுமாகிய இக்கருவி ஐரோப்பாவெங்கும் பரவியது. ஜோர் நகரின் மருத்துவமனை இன்றும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றது.

1934 இல் ஜேர்மனியின் ஊல்ம் நகரைச் சேர்ந்த பிரீட்ரிச், கம்பிகள் முன்னரே அடைக்கப்பட்ட, கழற்றி மாற்றத்தக்க ஓர் உறையை அமைத்தார். ஒரே சிகிச்சையில் ஒரு முறைக்கு மேல் தைப்பதற்கு இது வழிவகுத்தது. பிற்காலத்திற் கருவியின் தலைவிதியை மாற்றவிருந்த எண்ணத்தின் வித்து இதுவேயாகும்.

மொஸ்கோவின் நிறுவனம்

இதுவரை கண்டவை தனிமனிதரின் முயற்சிகள். சோவியத்து ஒன்றியத்தில் இம்முயற்சி அரசின் பணியாயிற்று. பொறியியலாளரான குடோவ், 1940 களில், குருதிக்கலன்களை இணைக்கும் தையற் கருவியொன்றை உருவாக்கினார். 1951 இல் சத்திரசிகிச்சைக் கருவிகளை ஆராய்வதற்கென்றே மொஸ்கோவில் ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. பொறியியலாளரும் வைத்தியரும் அங்கு ஒருங்கே உழைத்தனர். குருதிக்கலன், சுவாசக்குழாய்க் கிளை, சுவாசப்பை, இரைப்பை, குடல் என ஒவ்வோர் உறுப்புக்கும் ஏற்ற கருவிகள் தோன்றின. குடலின் இரு முனைகளை வட்டமாகத் தைத்து இணைக்கும் கருவியும் அவற்றுள் ஒன்றாகும்.

இந்நிறுவனத்தின் சாதனை பெரிது; அதன் வரம்பும் குறிப்பிடத்தக்கது. நுண்ணிய கம்பிகளை ஒவ்வொன்றாகக் கையினால் அடுக்க வேண்டியிருந்தது. கருவிகள் தனித்தனியே கையினாற் சீர்செய்யப்பட்டமையால், ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற் பொருந்தவில்லை. வடிவமைப்பில் நவீனமாகிய அக்கருவி, உற்பத்தியில் இன்னும் கம்மியனின் பட்டறையை விட்டு நீங்கவில்லை.

கடையில் வாங்கிய கருவி

1958 இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணரான மார்க் றவிச் சோவியத்து ஒன்றியத்துக்குச் சென்றார். கீவ் நகரில் அமோசோவ் என்னும் புகழ்பெற்ற நிபுணரின் நிலையத்திலே சுவாசக்குழாய்க் கிளையை மூடும் கருவியைக் கண்டு வியந்த அவர், பின்னர் லெனின்கிராட்டில் ஒரு கடையில் அத்தகைய கருவியொன்றை விலைகொடுத்து வாங்கினார். கெடுபிடிப்போர்க் காலத்தில் இவ்விரு நாடுகளுக்கிடையே ஓர் அறிவுப் பரிமாற்றம் இத்துணை எளிதாக நிகழ்ந்தமை சிந்திக்கத்தக்கது. நாடு திரும்பிய றவிச், ஸ்ரைக்கன் முதலியோருடன் கூடி ஆய்வுகளை நடத்தினார்.

எனினும் கருவியைப் பரப்பியது ஆய்வு மாத்திரமன்று. வைத்தியரோ பொறியியலாளரோ அல்லாத வணிகரான லியோன் ஹேர்ஷ், 1964 இல் இதற்கெனவே ஒரு கம்பனியை நிறுவினார். 1967 அளவில் அக்கம்பனியின் கருவிகள் விற்பனைக்கு வந்தன. தொழிற்சாலையிலேயே கம்பிகளை அடுக்கி, கிருமி நீக்கி, ஒருமுறை பயன்படுத்தி எறியத்தக்க உறையாக வழங்கியதே இவற்றின் சிறப்பு. மூடுதல், வெட்டுதல் ஆகிய இரண்டையும் ஒரே அசைவில் முடிக்கும் கருவியும் அவற்றுள் இருந்தது. இரண்டு மணித்தியால ஆயத்தம் சில நொடிகளாகச் சுருங்கியது.

முதலாவது வினாவுக்கான விடை இங்கே கிடைக்கின்றது. அறுபது ஆண்டுத் தாமதத்துக்குக் காரணம் தத்துவத்தின் குறையன்று. உற்பத்தி முறையின் குறையே. கம்பியை அடுக்கும் திறன் தாதியின் விரல்களிலிருந்து தொழிற்சாலைக்கு மாறிய பின்னரே கருவி பொதுவுடைமை போன்று எங்கும் பரவிற்று. இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. வட்டத் தையற் கருவி 1970 களின் பிற்பகுதியில் மேற்கிற் பரவியதும், கை எட்டாத இடுப்பெலும்புக் குழியின் ஆழத்திலும் குடலை இணைத்தல் எளிதாயிற்று. வயிற்றிலே அமைத்த செயற்கைத் துவாரத்தின் வழியே வாழ்நாள் முழுதும் மலங்கழிக்க வேண்டியிருந்திருக்கும் பலர் அந்நிலையிலிருந்து மீண்டனர். 1990 களில் சிறு துளையினூடு செய்யும் சத்திரசிகிச்சை வளர்ந்ததற்கும், அத்துளையினூடு செல்லத்தக்க நீண்ட ஸ்ரேப்ளர்கள் பெருந்துணை புரிந்தன.

பொறுப்பு எங்கே?

இனி இரண்டாவது வினாவை நோக்குவோம். கையினால் தைப்பவர் ஒவ்வொரு தையலிலும் இழையத்தின் தடிப்பையும் உறுதியையும் விரலால் உணர்கின்றார். கருவியோ ஒரே அசைவிற் பற்பல கம்பிகளைப் பதிக்கின்றது. கம்பியின் கால் 2.5 மில்லிமீற்றரா, 3.5 மில்லிமீற்றரா, 4.8 மில்லிமீற்றரா என்பதை அதற்கு முன்னரே தீர்மானித்தல் வேண்டும். தடித்த இரைப்பைக்குக் குறுகிய கம்பியைத் தெரிந்தால் அது 'பி' வடிவைப் பெறாது. மெல்லிய குடலுக்கு நீண்ட கம்பியைத் தெரிந்தால் குருதி கசியும். நூறு சிறு தீர்மானங்கள் ஒரு பெருந் தீர்மானமாகச் சுருங்கின. அது பிழைத்தால் முழு வரிசையும் பிழைக்கும்.

ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் இக்கருவிகளை நீண்ட காலமாக முதலாம் வகுப்பில், அஃதாவது நாவை அழுத்திப் பார்க்கும் தட்டு முதலிய மிகக் குறைந்த ஆபத்துடைய பொருள்களின் வகுப்பில், வைத்திருந்தது. 2011 முதல் 2018 மார்ச் வரை ஸ்ரேப்ளர்கள் தொடர்பாக 41,000 க்கும் மேற்பட்ட அறிக்கைகள் கிடைத்தன என்பதையும், அவற்றுள் 366 மரணம் பற்றியவை, 9,000 க்கு மேற்பட்டவை கடுங் காயம் பற்றியவை என்பதையும் 2019 இல் அந்நிருவாகம் வெளியிட்டது. அறிக்கைகளிற் பெருந்தொகையானவை அதுவரை பொதுமக்கள் காணமுடியாத தனி ஏற்பாடொன்றின் வழியே பெறப்பட்டிருந்தன. ஒவ்வொரு மரணத்துக்கும் கருவியே காரணம் என இவற்றைக் கொண்டு முடிவுசெய்தல் பொருந்தாது. கருவி பயன்படும் தொகையும் மிகப் பெரிது. எனினும் கம்பி வளையாமை, தையல் பிரிதல், பொருந்தா அளவைத் தெரிதல் ஆகியவை மீண்டும் மீண்டும் கூறப்பட்டன. 2021 இல் உடலின் உட்புறத்திற் பயன்படும் ஸ்ரேப்ளர்கள் இரண்டாம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டு, கடுமையான விதிகளுக்கு உட்படுத்தப்பட்டன.

ஹூல்ட்லின் காலத்தில் கருவி பிழைத்தால் அதனைச் செய்தவரும் அடுக்கியவரும் பயன்படுத்தியவரும் ஒரே நகரில் இருந்தனர். இன்று தொழிற்சாலை ஒரு கண்டத்திலும் நோயாளி மற்றொரு கண்டத்திலும் உள்ளனர். உறைக்குள் அடைபட்ட திறனை வைத்தியர் காண்பதில்லை, அதனை நம்புகின்றார். இந்நம்பிக்கை தவறன்று. ஆனால், பிழைகள் பகிரங்கமாகப் பதிவு செய்யப்பட்டாலன்றி அது ஆதாரமுள்ள நம்பிக்கையாகாது. கருவியின் பயன்பாட்டைக் கற்கும் மாணவர் கைத்தையலையும் தவறாது கற்கவேண்டும் என ஆசிரியர்கள் வற்புறுத்துவதற்கும் காரணம் இதுவே. கருவி பிழைத்தவிடத்து நோயாளியைக் காப்பது ஊசியும் நூலுமே. இழையத்தின் தடிப்பை உணர்ந்த விரலே பொருத்தமான கம்பியையும் தெரிந்துகொள்ளும்.