கிணற்றுக் கயிறும் தீயணைப்புக் கருவியும்

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் கோவிலையும் கோபுரத்தையும் மணியையும் பள்ளிக்கூடத்தையும் பற்றி எழுதுவது வழக்கம். இம்மலரில் அவற்றை எழுதத் தகுந்தவர் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஆனால் ஓர் இரவில் அதுவே பெரியதாகிவிடும். ஊரில் தீப்பற்றினால், கிணற்றில் ஒருவர் விழுந்தால், அவரை மீட்கும் கருவி யாரிடம் இருக்கிறது? அதை யார் வாங்கி வைத்தார்கள்?

நம் கான்சாபுரம் கிணற்றுப் பாசனம் அறிந்த ஊர். கமலை இறைத்த காலத்தில் வடக்கயிறு இல்லாத தோட்டம் இல்லை. மாடு விழுந்தாலும் மனிதர் விழுந்தாலும் அந்த வடமே மீட்புக் கருவி. வாளியும் குடமும் விழுந்தால் பாதாளக்கரண்டி. அது எல்லார் வீட்டிலும் இராது, ஒன்றிரண்டு வீட்டில்தான் இருக்கும். இரவல் கேட்டுப் போனால், ஒரு செம்பையோ தவலையையோ ஈடாக வாங்கி வைத்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். இளையோருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அந்த ஈட்டினால்தான் கரண்டி தவறாமல் உரிய வீட்டுக்குத் திரும்பியது. அடுத்த வீட்டார் தேடும்போது அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஊருக்குப் பொதுவான கருவியைக் காக்க நம் பாட்டிமார் கண்ட ஏற்பாடு அது.

இந்த ஏற்பாட்டை ஒரு நாடு முழுவதும் பெரிய அளவில் கண்டவர்கள் தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டு மக்கள். அதன் தொடக்கம் நம் போன்ற கத்தோலிக்க மக்களை நெஞ்சு நடுங்க வைப்பது.

1863ஆம் ஆண்டு டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் திருநாள். தலைநகராகிய சாந்தியாகோவில், இயேசு சபையார் கட்டிய பழைய ஆலயத்தில், மாதாவின் வணக்க மாத நிறைவு வழிபாடு. மாலைப்பொழுது. பீடத்திலிருந்து கூரை வரை எண்ணற்ற விளக்குகள், துணித் தோரணங்கள், காகிதப் பூக்கள். ஆலயம் நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அக்காலத்து வழக்கப்படி வளையம் வைத்து விரித்த பெரும் பாவாடை அணிந்திருந்தார்கள். பீடத்தருகே ஒரு விளக்கின் சுடர் அலங்காரத்தைப் பற்றியது. அங்கிருந்து கூரைக்கு ஏறியது. மக்கள் வாசலை நோக்கி ஓடினர். முன்னால் விழுந்தவர் மேல் பின்னால் வந்தவர் விழ, வாசலே உடலால் அடைபட்டது. இறந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். வெளியே நின்றவர்கள் கைகளைப் பற்றி இழுத்துப் பார்த்தும் குவியலிலிருந்து சிலரையே மீட்க முடிந்தது.

அந்நகரில் அப்போது முறையான தீயணைப்புப் படை இல்லை. மூன்று நாள் கழித்து, ஹோசே லூயிஸ் கிளாரோ என்பவர் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தீயணைப்புக் குழு ஒன்று அமைக்க விரும்பும் இளைஞர்கள் வரலாம் என்பதே அதன் செய்தி. டிசம்பர் 20ஆம் நாள் படை அமைந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்களும் கடைக்காரர்களும் அங்கே குடியேறியிருந்த பிற நாட்டாரும் பொருள் தந்தனர். பிரெஞ்சுக்காரர் தமக்கென ஒரு குழுவைத் தொடங்கினர். வால்பராய்சோ துறைமுகத்தில் 1851இலேயே இவ்வாறு தொண்டர் படை உண்டாகியிருந்தது. இன்றும் சிலியில் தீயணைப்போர் சம்பளம் வாங்குவதில்லை. பகலில் வேறு தொழில் செய்கிறவர்களே அழைப்பு வந்தால் ஓடுகிறார்கள். அரசு உதவித்தொகை தந்தாலும், தாமே சந்தா கட்டியும் ஊராரிடம் திரட்டியும் படையை நடத்துகிறார்கள்.

அப்படை தொடங்கி ஏழே ஆண்டு. 1870இல், அதே டிசம்பர் 8ஆம் நாள், அந்நகரின் பெரிய நாடக அரங்கு எரிந்தது. தீயுடன் போராடச் சென்ற ஜெர்மான் தெந்தெரினி என்ற இத்தாலியர் உயிர்நீத்தார். சாந்தியாகோ தீயணைப்புப் படையில் பணியின்போது இறந்த முதல் மனிதர் அவர். எரிந்த ஆலயத்தின் மணிகளில் மூன்று கடல் கடந்து வேல்ஸ் நாட்டில் ஆய்ஸ்டர்மவுத் என்ற ஊர்க் கோவிலுக்குப் போய், ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கே இருந்து, 2010இல் சிலிக்குத் திரும்பின. மணியைத் திருப்பித் தந்த அந்த ஊராரும் பாராட்டத்தக்கவர்களே.

நம் நாட்டில் நிலைமை வேறு. சென்னையில் 1908ஆம் ஆண்டு படை அமைந்தது முதல் தீயணைப்பு அரசின் வேலையாகவே வளர்ந்தது. இப்போது அதன் பெயரும் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. 1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டதை நினைத்து, ஆண்டுதோறும் அந்நாளை அனுசரிக்கிறார்கள். வண்டியும் குழாயும் ஏணியும் அரசு தருகிறது. ஊரார் கொடுப்பது பெரும்பாலும் ஆள்பலமும் துணிவுமே.

துணிவு மட்டும் போதாது என்பதை நம் பக்கத்திலேயே கண்டோம். 2012 செப்டம்பர் 5இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை எரிந்தது. ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். புகையைக் கண்டு உதவ ஓடி வந்தவர்களும், என்னவென்று பார்க்க வந்தவர்களும் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் ஓடியவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஊரார் ஒருவர் செய்த கருவியே உயிரை மீட்ட கதையும் நமக்கு அருகில் உண்டு. மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் ஒரு கருவியைத் தாமே வடிவமைத்தார். குழாய்க்குள் இறங்கும் ஒடுங்கிய சட்டம், உள்ளே பார்க்க ஒரு கேமரா, பிள்ளையைப் பற்ற இரும்புக் கைகள். மேலே நிற்பவர் திரையில் பார்த்தபடி அதை இயக்குவார். சுருக்கமாய்ச் சொன்னால், கண் முளைத்த பாதாளக்கரண்டி. 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே குத்தாலப்பேரியில் மூன்று வயதுச் சிறுவன் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது, தீயணைப்பு வீரர்களுடன் அவர் நின்று அக்கருவியை இறக்கினார். சிறுவன் உயிரோடு மேலே வந்தான். அதற்கு முன்பெல்லாம் பக்கத்தில் மற்றொரு குழி தோண்டிப் போவதே வழி. 2006இல் அரியானா மாநிலத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவனை இராணுவத்தார் அப்படித்தான் இரண்டு நாள் பாடுபட்டு மீட்டார்கள்.

குத்தாலப்பேரியின் மகிழ்ச்சி நடுக்காட்டுப்பட்டியில் கிடைக்கவில்லை. மணப்பாறை அருகேயுள்ள அவ்வூரில், 2019 அக்டோபர் 25ஆம் நாள் மாலை, விளையாடிய இரண்டு வயதுக் குழந்தை மூடிய மண் உள்வாங்கிய ஆழ்துளைக் குழியில் விழுந்தது. நம் விசுவாசத்தைச் சேர்ந்த குடும்பம். மதுரையிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் தாமே செய்த கருவிகளுடன் பலர் விரைந்தார்கள். ஒவ்வொருவரும் தம் கருவியை இறக்கிப் பார்த்தார்கள். ஒரு கையில் கயிறு சுருக்கு விழுந்தது, மற்றக் கையில் விழவில்லை. குழி ஒடுக்கம், ஈர மண் சரிவு. முப்பது அடிக்குள் நின்ற குழந்தை 88 அடி வரை இறங்கிவிட்டது. பிறகு எண்ணெய்த் துறையின் பெரிய இயந்திரங்கள் பக்கத்தில் துளையிட்டன. அடியில் கடும்பாறை. இடையில் தீபாவளி வந்தது. எத்தனையோ வீடுகளில் வெடி வெடிக்கவில்லை. கோவில்களிலும் பள்ளிவாசல்களிலும் வேண்டுதல் நடந்தது. 29ஆம் நாள் அதிகாலை உயிரற்ற உடலே எடுக்கப்பட்டது. பாத்திமாபுதூர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அங்கே வந்தவர்களின் அன்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் முதல் மணி நேரத்தில், குழந்தை மேலே நின்றபோது, அருகில் இருந்திருக்க வேண்டிய கருவி பல மைல் தொலைவில் ஒருவர் வீட்டில் இருந்தது. ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத கருவிகள் ஒரே குழிக்கு முன் முதன்முறை சந்தித்தன. கருவியைச் செய்தவர் கைக்குப் பழகியது, நிலையத்து வீரர் கைக்குப் பழகவில்லை. நன்கொடை தருவதாயின் நிலையத்தில் முன்கூட்டியே கொண்டுபோய்க் கொடுத்து, வீரர்கள் அதை இறக்கி ஏற்றிப் பழக வேண்டும் என்பது நம் கருத்து. உச்ச நீதிமன்றம் 2010இலேயே கைவிட்ட குழிகளை அடியிலிருந்து மட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று நெறி வகுத்துவிட்டது. நம் தோட்டங்களில் அப்படி நிரப்பாத குழி உண்டா என்று அவரவரே பார்த்துக்கொள்ளலாம், அதற்கு எவர் அனுமதியும் வேண்டாம்.

நம் பகுதிக்கென்று தனித் தேவை ஒன்று உண்டு. அது கயிறு. மேற்கே சதுரகிரி மலை நிற்கிறது. அமாவாசை, பௌர்ணமி நாள்களில் தாணிப்பாறை வழியே ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். மலையில் பெய்யும் மழை அடிவாரத்தில் தெரியாது, ஓடையில் திடீரென்று வெள்ளம் வந்துவிடும். 2015 மே மாத அமாவாசைக்கு வந்தவர்கள் அப்படிச் சிக்கிச் சிலர் உயிரிழந்தனர். தீயணைப்பு வீரர்கள் ஓடையின் இரு கரையிலும் கயிறு கட்டி, ஒவ்வொருவராகப் பிடித்து நடத்தி மற்றவர்களைக் கரை சேர்த்தார்கள். கயிறு நனைந்து காய்ந்து பாறையில் உராய்ந்தால் நாள்பட நைந்துபோகும், பார்வைக்குத் தெரியாது. அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பந்தலுக்கும் வாண வேடிக்கைக்கும் போக விழாக் கணக்கில் மிச்சம் இருந்தால், நம் இளைஞர்கள் முதலில் வத்திராயிருப்பு நிலையத்துக்குப் போய், எத்தனை அடி, எந்தக் கனம் என்று கேட்டு வரட்டும்.